செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு சிக்கனப் பாட்டுப்பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கை அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினியை வைத்து, சேமித்த பாட்டும் இணைய வானொலியும் பாடும் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு எல்லோரும் டேக் சிப்பைப் (எண்களாகச் சேமித்த பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றும் சிப்) பற்றியே கேட்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வேலையைக் கெடுப்பது அது அல்ல. மின்சாரம், சுவர், தரை மூன்றும்தான். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் போதாதா?

ஒரே அறையில், ஒருவர் தன் போனிலிருந்து கேட்பதற்குப் போதும். அப்படியானால் மேலே படிக்கவே வேண்டாம். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கக் கூடாது, இணையம் அறுந்தாலும் பாட வேண்டும், நல்ல ஸ்பீக்கர் ஏற்கெனவே சும்மா கிடக்கிறது, முகப்பிலும் இரண்டாம் கட்டிலும் ஒரே பாட்டு ஓட வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி.

எந்தப் பலகை வாங்குவது?

ராஸ்பெர்ரி பை 3பி அல்லது 3பி பிளஸ், பழையதாகக் கிடைத்தாலும் சரி. பாட்டு ஓட்டுவதற்கு அதன் வேகமே அதிகம். இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதில் இருக்கும், ரவுட்டர் கேபிளை நேரே செருகும் லேன் துளை. ஏன் என்பது சுவர் பற்றிய கேள்வியில் வரும்.

அதே ராஸ்பெர்ரி பை வகையில் சிறியதான ஜீரோ 2 டபிள்யூ விலை குறைவு, சூடும் குறைவு. ஆனால் அதில் லேன் துளை இல்லை, வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், நினைவகம் 512 எம்பி. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பெட்டியும் இருக்குமானால் தாராளமாக வாங்கலாம். பை 4 வீட்டில் சும்மா கிடந்தால் பயன்படுத்துங்கள். பை 5 இந்த வேலைக்கு வீண் செலவு, அதில் 3.5 மிமீ ஹெட்போன் துளைகூடக் கிடையாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஜீரோ 2 டபிள்யூ பெட்டி ஏறத்தாழ 3,000 முதல் 4,000 ரூபாய். பலகை பாதிச் செலவு. மீதியில் பிசிஎம் 5102ஏ டேக் போர்டு, 8 அல்லது 16 ஜிபி கார்டு, சரியான பவர் அடாப்டர், பாட்டுக்கு ஒரு பென்டிரைவ். பை 3பி என்றால் பலகை விலை வித்தியாசம் மட்டும் கூடும். விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: பவர் அடாப்டர். மிச்சம் பிடிக்கலாம் என்றால் பெட்டியில். பழைய எவர்சில்வர் சம்படம் வேண்டாம், உலோகத்துக்குள் வைஃபை செத்துப்போகும். காற்றுத்துளை போட்ட மரப்பெட்டி அழகாகவே இருக்கும். துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். கதகதப்பான இடம் தேடிப் பல்லியும் எறும்பும் உள்ளே போய்விடும், பல்லி எச்சம் பலகையை அரிக்கும்.

பலகையும் டேக்கும் உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம். இணையத்தில் வரவழைக்கலாம், சென்னை போகிறவர்கள் ரிட்சி தெருவில் வாங்கி வரச் சொல்லலாம். ஈயம், வயர், ஆர்சிஏ பின் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

பை 3பியிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதே, டேக் எதற்கு?

அந்தத் துளைக்குப் பின்னால் உண்மையான டேக் சிப் இல்லை. துடிப்பின் அகலத்தை மாற்றி மாற்றி ஒலியை ஒப்பேற்றுகிறது. செய்தி கேட்கப் போதும். வீணையின் மீட்டு அடங்கி ஓய்கிற இடத்தில் பாட்டுக்குப் பதிலாக இரைச்சல்தான் கேட்கும். 5102ஏ சிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. 112 டெசிபெல் சிக்னல்-இரைச்சல் விகிதமும் 2.1 வோல்ட் வெளியீடும் எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் போதும். இதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள டேக் வாங்கினால் வித்தியாசம் கேட்குமா என்றால், ஆத்தங்குடிக் கல் பாவிய கூடத்தில் கேட்காது.

ஈயப் பற்றவைப்பு வராதவர்களுக்கு யுஎஸ்பி டேக் டாங்கிள் ஒன்று போதும். செருகினால் வேலை முடிந்தது.

டேக் போர்டை எந்தக் காலில் இணைப்பது?

பையின் 40 கால்களை எஸ்டி கார்டு இருக்கும் முனையிலிருந்து எண்ண வேண்டும். பலகை விளிம்பை ஒட்டிய வரிசையில் இரட்டை எண்கள், உள்வரிசையில் ஒற்றை எண்கள். போர்டில் 'வின்' என்று இருப்பதை 2ஆம் காலில் (5 வோல்ட்) கொடுங்கள். 'ஜிஎன்டி' 6க்கு, 'பிசிகே' 12க்கு, 'எல்சிகே' 35க்கு, 'டின்' 40க்கு.

நிறையப் பேர் தவறுவது கடைசி வயரில். பையின் கால் வரைபடத்தில் 38ஆம் காலுக்கும் 'டின்' என்றே பெயர் இருக்கும். பெயருக்குப் பெயர் சேர்த்துவிட்டால் ஒலியே வராது, ஏனென்றால் அது பைக்குள் தரவு நுழையும் கால். பையிலிருந்து வெளியே வருவது 40இல்தான்.

அடுத்தது 'எஸ்சிகே'. இதை ஜிஎன்டியோடு சேர்க்க வேண்டும். போர்டின் முன்பக்கம் எஸ்சிகே அருகிலேயே இரண்டு சிறு ஈயத் திட்டுகள் இருக்கும், ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்தால் போதும். சும்மா விட்டால் கரகரப்பு வரும், அல்லது சில நாள் பாடும், சில நாள் பாடாது. ஜிஎன்டியோடு சேர்த்தால்தான் சிப் தனக்கு வேண்டிய கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

போர்டின் பின்பக்கம் 1 முதல் 4 வரை நான்கு ஜம்பர் திட்டுகள் உண்டு. 1, 2, 4 மூன்றும் 'எல்' பக்கம், 3 மட்டும் 'எச்' பக்கம். சில போர்டுகளில் கடையிலிருந்தே போட்டு வரும், சிலவற்றில் வெறுமையாக வரும். மூன்றாவது ஜம்பர்தான் வாய்ப்பூட்டு. அது 'எச்' பக்கம் இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி ஊமையாக இருக்கும்.

வயர் 10 செமீக்குள் இருக்கட்டும். சிடி தரப் பாட்டுக்கே பிசிகே வயரில் நொடிக்கு 28 லட்சம் துடிப்புகள் ஓடும். நீள வயரில் அவை மழுங்கி, பாட்டில் 'டிக் டிக்' என்று வெடிக்கும்.

எந்த மென்பொருள்?

மூட் ஆடியோ, வோல்யூமியோ, பைகோர்பிளேயர் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். வோல்யூமியோவில் சில வசதிகளுக்குச் சந்தா உண்டு. மூட் ஆடியோவின் திரை அழகானது, அமைப்பதும் எளிது. இருந்தாலும் இந்தப் பக்கத்துக்குப் பைகோர்பிளேயரையே முதலில் சொல்வோம். காரணம், அது தொடங்கும்போதே தன்னை முழுக்க நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்கிறது. அதன்பின் கார்டில் எழுதுவது அரிது. கரன்ட் போனால் கார்டு கெடுவதில்லை. மற்ற இரண்டையும் முறையாக ஷட்டவுன் செய்துதான் அணைக்க வேண்டும். சொல்லாமல் கரன்ட் போகும் ஊரில் அந்த ஒழுக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பைகோர்பிளேயர் வெறும் பாடகர்தான். பாட்டுகளை அட்டவணை போட்டு எடுத்துக் கொடுப்பதற்கு லிரியான் மியூசிக் சர்வர் வேண்டும். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயரில் இருந்தது இதுதான். 1 ஜிபி நினைவகமுள்ள பை 3பியில் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

அமைக்கும் வரிசை?

கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் அல்லது பலேனா எட்சர் கொண்டு பைகோர்பிளேயரைக் கார்டில் எழுதுங்கள். முதல் முறை லேன் கேபிள் மாட்டியே பவர் கொடுங்கள். வைஃபையைப் பிறகு அதன் பக்கத்திலிருந்தே அமைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டரின் பக்கத்தில் புதிதாக வந்த கருவியின் ஐபி எண்ணைப் பார்த்து, அதை போன் பிரவுசரில் தட்டினால் பைகோர்பிளேயர் பக்கம் திறக்கும்.

ஸ்க்வீஸ்லைட் பகுதியில் ஆடியோ வெளியீடாக டிஐ 5102 பொது டேக் என்பதைத் தேர்ந்து, சேமித்து, ரீபூட் செய்யுங்கள். மூட் ஆடியோவிலும் வோல்யூமியோவிலும் இதே வேலையை ஹைஃபைபெர்ரி டேக் என்ற தேர்வு செய்யும். 'டேக் பிளஸ்' என்பதைத் தொடாதீர்கள். அது கட்டுப்பாட்டு வயர் உள்ள வேறு சிப்புக்கானது; 5102ஏ அந்த வழியில் பதில் சொல்லாது, ஒலிக் கருவியே இல்லை என்று வரும்.

பிறகு முதன்மைப் பக்கத்தில் கார்டின் பார்ட்டிஷனைப் பெரிதாக்கிவிட்டு, அதற்கு அடுத்துத்தான் சர்வரை நிறுவ வேண்டும். வரிசை மாறினால் இடம் போதாமல் பாதியில் நிற்கும். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் கூடுதல் கோப்பமைப்பு நீட்சியையும் (எக்ஸ்டென்ஷன்) நிறுவுங்கள். சர்வர் பக்கம் அதே ஐபி எண்ணின் 9000ஆம் போர்ட்டில் (ஐபி எண்ணை ஒட்டி :9000 என்று தட்டினால்) திறக்கும். அதில் மெட்டீரியல் ஸ்கின் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் போனில் விரல் வைத்து இயக்க வசதியாக இருக்கும்.

திரையில் மின்னல் குறி வருகிறது, அல்லது பாட்டு நடுவில் பெட்டி தானே ரீபூட் ஆகிறது. பலகை போய்விட்டதா?

பலகை நன்றாகத்தான் இருக்கும். அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அந்தக் குறியைக் காட்டும். குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர்கூட அல்ல, கேபிள்.

கணக்கைப் பாருங்கள். மலிவான சார்ஜர் கேபிளில் மெல்லிய 28 கேஜ் வயர் இருக்கும்; மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிளில் போகவர 3 மீட்டர், ஆக 0.64 ஓம். பை 1 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 0.64 வோல்ட் வயரிலேயே போய்விடும். 5இல் கழித்தால் 4.36. அடாப்டரில் '3 ஆம்பியர்' என்று எழுதியிருந்து என்ன பயன்? அதே நீளத்துக்குத் தடித்த 20 கேஜ் வயர் என்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். கேபிள் அடாப்டரோடு ஒட்டியே வரும், பைக்கென்றே செய்த அடாப்டரை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை: 3பிக்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர்.

பையிலிருந்து நேரே சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் எடுப்பதும் இதே கதையில்தான் முடியும். 3பியின் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். டிஸ்க் சுற்றத் தொடங்கும் கணத்தில் கிட்டத்தட்ட அதை முழுவதும் கேட்கும். பென்டிரைவ் அல்லது எஸ்எஸ்டி போதும். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எல்ஏசி வடிவில் ஒரு சிடி சுமார் 300 எம்பி என்றால் 64 ஜிபியில் 200 சிடி அடங்கும். ஒன்று மட்டும்: வாங்கியதும் முழுக் கொள்ளளவும் உண்மைதானா என்று நிரப்பிச் சோதித்துவிடுங்கள். 64 என்று எழுதி உள்ளே 8 இருப்பவை சந்தையில் உண்டு.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, கரன்ட் போனால் என்ன?

இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யுபிஎஸ்' என்றும் மற்றொரு பெயரிலும் ஒரு தேர்வு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் பக்கம் இருந்தால் மாற்றம் சட்டென்று நடக்கும், பை தெரிந்துகொள்ளாது. மற்ற பக்கத்தில் இருந்தால் விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டும், பை ரீபூட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயர் 'ர்ர்ர்' என்று உறுமினால் அது பாட்டுப்பெட்டியின் குறை அல்ல. சைன் வேவுக்கு மாறினால் நிற்கும்.

ரவுட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸில் பையை மாட்டலாமா என்றால், அதன் 5 வோல்ட் துளை எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு மாட்டுங்கள். 2 ஆம்பியருக்குக் குறைந்தால் வேண்டாம். 12 வோல்ட் துளையிலிருந்து 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் (அழுத்தத்தைக் குறைக்கும் சிறு போர்டு) வைத்து இறக்குவது நம்பகமான வழி. பைக்கு மாட்டுமுன் மீட்டரில் 5.1 வோல்ட் என்று திருகி வையுங்கள். திருகாணியைத் தொடாமல் நேரே மாட்டினால் 12 வோல்ட்டும் பலகைக்குள் போய்விடலாம்.

வளவு (வீட்டின் நடு முற்றப் பகுதி) தாண்டினால் வைஃபை வருவதில்லை. ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

வேண்டாம், ஒரு லேன் கேபிள் இழுங்கள். சுண்ணாம்பும் செங்கல்லுமான கனத்த சுவர் இரண்டு மூன்று தாண்டி, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் வைஃபையை நம்புவது வம்பு. 5 கிகாஹெர்ட்ஸ் முதல் சுவரிலேயே களைத்துவிடும். 2.4 சற்றுத் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு முட்டிக்கொள்ளும்.

இதில் வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. சிடி தரப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும், எந்தத் திட்டத்திலும் அது கிடைக்கும். பாட்டை அறுப்பது வேகக் குறைவல்ல, நடு நடுவே வரும் இடைவெளி. எக்ஸ்டெண்டர் அந்த இடைவெளியைக் கூட்டித்தான் தரும்.

கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் முனையில் முறியும். தேக்கு உத்தரத்தில் ஆணி அடிக்காதீர்கள், முட்டை வெள்ளை தேய்த்த பூச்சுச் சுவரில் துளை போடாதீர்கள். ஒருமுறை பெயர்ந்தால் அந்தப் பூச்சை அதே மாதிரி ஒட்டப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். பழைய வயரிங் ரீப்பர் கட்டை ஓடும் பாதையிலேயே கேபிளையும் கட்டி ஓட்டிவிடலாம். வளவு வாசலில் வெயில் படும் இடத்துக்கு வெளிப்புறக் கேபிள் போடுங்கள். சாதாரண உறை வெயிலில் நொறுங்கும்.

ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கும், கோடை இடிக்கும், லேன் கேபிளைப் பையிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லேனை மறந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத ஹம். என்ன செய்ய?

ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரோடு செட்டாப் பாக்ஸும் இணைந்திருந்தால் முதலில் அதன் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். பாதி வீடுகளில் ஹம் அதோடு நின்றுவிடும். தெருவிலிருந்து வரும் அந்த வயரின் உறை ஒரு நிலமட்டம் (எர்த்), உங்கள் ஆம்ப்ளிஃபயர் வேறு நிலமட்டம். இரண்டுக்கும் நடுவே ஓடும் மின்னோட்டம்தான் அந்த ஒலி. ஒரே அடாப்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் பைக்கும் பிரித்துக் கொடுத்தாலும் இதே விதமாக இரையும். தனித்தனி அடாப்டர் போடுங்கள், முடியாவிட்டால் டேக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

ஆம்ப்ளிஃபயரின் உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அது எர்த் இல்லாத பழைய இரண்டு பின் வயரிங். பாட்டை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சிக்கனமான ஆம்ப்ளிஃபயர் எது?

டிபிஏ 3116 சிப் வைத்த சிறு போர்டு. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 20 வாட் வரும், கூடத்துக்குப் போதும். 12 வோல்ட் கொடுத்தால் 8, 9 வாட்தான். போர்டில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் 24 வோல்ட் அடாப்டர் மாட்டி ஆசைப்பட வேண்டாம்.

இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை 'நிலம்' அல்ல. இடது வலது கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கி வயர் மிச்சம் பிடித்தால் சிப் அன்றைக்கே போகும். போடும்போது பாட்டுப்பெட்டி முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது மாறாக.

எல்லாம் நல்ல சாமான், ஆனால் கூடத்தில் பாட்டு கிணற்றுக்குள் பாடுவதுபோல் இருக்கிறதே?

ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடிபோல் தேய்த்த சுவர், உயரமான கூரை: ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமில்லை. ஈக்வலைசரில் இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தி, வளவு வாசலைப் பார்த்து வையுங்கள். திறந்த வானத்துக்குப் போன ஒலி திரும்பி வராது, வீட்டிலேயே இதைவிட நல்ல உறிஞ்சான் கிடையாது. ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் நடுவே தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். கோரைப்பாய் அவ்வளவு உதவாது, மெல்லியது. எட்டடிக்குள் உட்கார்ந்து குறைந்த ஒலியில் கேட்டால் பாடகரின் வார்த்தை தெளியும். ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

முகப்பிலும் இரண்டாம் கட்டிலும் ஒரே பாட்டு ஓட்டினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்கிறது. ஒத்திசைவு கெட்டுவிட்டதா?

லிரியான் சர்வரில் இரண்டு பெட்டிகளையும் ஒரு குழுவாக இணைத்திருந்தால் ஒத்திசைவு சரியாகவே இருக்கும். காரணம் காற்று. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. 100 அடி கடக்க அதற்கு 90 மில்லிநொடி ஆகும். பக்கத்து ஸ்பீக்கர் பாடி முடித்த எழுத்தைத் தூரத்து ஸ்பீக்கர் அந்தத் தாமதத்தோடு மீண்டும் பாடுகிறது. கோயில் திருவிழாவில் குழாய் ரேடியோக்கள் ஒன்றையொன்று துரத்துவது இதனால்தான். படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஆள் கூடும் நாளில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட, நாலைந்து சிறியவற்றை அந்தந்தக் கட்டுக்குள் மட்டும் கேட்கும் அளவில் வைப்பது மேல்.

அப்பத்தாவுக்குப் போன் ஆப் எல்லாம் ஆகாது. சுவிட்சைப் போட்டால் பாட வேண்டும்.

நியாயமான கேள்வி. பைகோர்பிளேயரின் ட்வீக்ஸ் பக்கத்தில் தானாகத் தொடங்கும் பிடித்தமானவை என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு வானொலியையோ பாட்டுப் பட்டியலையோ அங்கே குறித்துவிட்டால், சுவர் சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் பாடத் தொடங்கும். அணைத்தால் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: சர்வரும் அதே பலகையில் ஓடினால், அது அட்டவணை எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் அட்டவணை குழம்பலாம். பாட்டுக் கோப்புகள் போகாது, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டிவரும். ஆகவே சர்வரை இன்வெர்ட்டர் லைனில் உள்ள ஒரு பலகையில் எப்போதும் ஓடவிட்டு, அப்பத்தாவின் அறைக்குத் தனியாக ஒரு பெட்டி வைப்பதே நல்லது. இங்கே ஜீரோ 2 டபிள்யூ பொருந்தும், வைஃபை அறையை எட்டினால்.

விடிகாலைப் பக்திப் பாட்டுக்கு சர்வரிலேயே அலாரம் உண்டு. நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்ற மறக்காதீர்கள். 3பியில் கடிகார பேட்டரி கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கிறது. இரவு முழுக்க இணையம் இல்லாமல் ரீபூட் ஆகியிருந்தால் அலாரம் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் அடிக்கும்.

பழைய வால்வு ரேடியோவில் இதை இணைத்துப் பாட வைக்கலாமா?

சிலவற்றில் முடியும். பரணிலிருந்து இறக்கியதோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதோ, முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். கிராமபோன் பிக்கப் துளை இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு காலத்தில் இந்த வீடுகளில் இசைத்தட்டு சுழன்றதும் அந்தத் துளை வழியேதான். காரைக்குடிக்காரரான ஏவி.எம். மெய்யப்பனே சினிமாவுக்கு முன் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்தான்.

ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒரு வகை உண்டு. 'ஏசி/டிசி' என்று எழுதியிருந்தால் அதில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. இரும்புச் சட்டமே 230 வோல்ட்டில் இருக்கலாம். அதில் டேக்கை இணைத்தால் பையும் போகும், தொட்டவரும் போவார். அதைத் தொடவே வேண்டாம். ஏசி மட்டும் என்று எழுதிய, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரேடியோவையும் பழைய மெக்கானிக் ஒருவர் கெப்பாசிட்டர் மாற்றிச் சோதித்த பிறகே மாட்டுங்கள்.

ரேடியோ மோனோ. டேக்கின் இடது வலது இரண்டையும் நேராக ஒட்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, மறுமுனைகளைச் சேர்த்து பிக்கப் துளைக்குக் கொடுங்கள்.

பாட்டுப் பெயர்கள் தமிழில் இல்லாமல் கிறுக்கலாக வருகின்றன.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் அவை. பெட்டியில் எதை மாற்றினாலும் சரியாகாது. கணினியில் எம்பி3டேக் அல்லது கிட்3 கொண்டு யூனிகோடில் மறுபடி எழுத வேண்டும். எழுதும்போதே ஒரு கலைஞருக்கு ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள். 'காரைக்குடி மணி' ஓரிடத்திலும் 'காரைக்குடி ஆர். மணி' இன்னோரிடத்திலும் இருந்தால் சர்வருக்கு அவர்கள் இரண்டு பேர். மோகனம், மோஹனம் விஷயமும் அப்படியே.

ஆகாசவாணி கேட்க முடியுமா?

முடியும். இணைய நேரலை எச்எல்எஸ் வகை முகவரியில் வருவதால் லிரியான் சர்வரில் பிளே எச்எல்எஸ் என்ற நீட்சியைச் சேர்க்க வேண்டும். மூட் ஆடியோ அப்படியே ஏற்கும். முகவரி அவ்வப்போது மாறும். நேற்றுவரை பாடிய நிலையம் இன்று ஊமையானால் பெட்டியைப் பிரிக்காமல் முகவரியைப் பாருங்கள்.

கல்யாணக் கேசட்டுகளை இதிலேயே பதிவு செய்யலாமா?

பையில் ஒலி உள்ளே வரும் துளையே இல்லை. லைன்-இன் உள்ள யுஎஸ்பி கருவியை லேப்டாப்பில் மாட்டி, ஆடாசிட்டியில் 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் தாண்டாமல் பதியுங்கள். நாதஸ்வரம் திடீரென்று ஏறும்; ஒருமுறை வெட்டுப்பட்ட உச்சத்தைப் பிறகு எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து மாதம் கழித்துத்தான் வருவோம். அப்படியே விட்டுப் போகலாமா?

பையும் டேக்கும் ஒன்றும் ஆகாது. பவர், லேன் இரண்டையும் கழற்றி, துணியில் சுற்றி வையுங்கள்; வௌவால் எச்சமும் சுண்ணாம்புத் தூசும் படாமல் இருந்தால் போதும். கெடுவது பேட்டரிதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும்: காலியான லெட்-ஆசிட் பேட்டரியைப் பல மாதம் அப்படியே விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து மறுபடி சார்ஜ் ஏற்காது. முழுக்க சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி வைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். மினி யுபிஎஸ்ஸில் இருப்பது லித்தியம். அதைப் பாதி சார்ஜில் அணைத்து, கையோடு எடுத்துப் போய்விடுங்கள். பாட்டு உள்ள பென்டிரைவுக்கு ஒரு நகலும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.